முழு மனிதரையும் பார்க்கிறவர்

"இந்த வாசலுக்குள்ளை ஒரு முதுகும் வராது, ஒரு முழங்காலும் வராது. முழு மனிசர் மட்டுந்தான் வருவினம். ஒருக்காக் கண்ட மனிசரை எனக்கு ஆயுளுக்கும் மறக்காது!"

வட்டுக்கோட்டையில் தம் வைத்தியசாலையைத் திறந்த அன்று, போதகர் செபம் பண்ணி முடித்து, குருக்கள் தீர்த்தம் தெளித்து முடித்து, வடை ஆறிக்கொண்டிருந்த வேளையில், டொக்டர் லெனாட் நதானியேல் இப்படி முழங்கினார். கூட்டம் கைதட்டியது. வடைக்காகவும் இருக்கலாம்.

வைத்தியர்களில் எத்தனையோ இனம் உண்டு. உங்கள் நாடியைப் பிடித்தபடி கிரிக்கெட் பார்ப்பவர் ஓரினம். நீங்கள் வாய் திறக்குமுன் மருந்து எழுதி முடித்து அடுத்தவரைக் கூப்பிடுபவர் இன்னோர் இனம். இவை இரண்டும் உங்களுக்குப் பழக்கமானவைதாம். அண்மைக் காலமாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் மூன்றாவது இனம் ஒன்றும் தென்படுகிறது. அதற்கு 'முழு மனிதரையும் பார்க்கிறவர்' என்று பெயர் வைக்கலாம். இவரிடம் நீங்கள் கால் பெருவிரலைக் கொண்டுபோனால், பெருவிரல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்.

எலும்பையும் தசையையும் கையாலேயே அழுத்தி, இழுத்து, நெட்டி எடுத்துச் சீராக்கும் வைத்தியத்துக்கு ஒஸ்ரியோபதி என்று பெயர். நம்முடைய டொக்டர் அதை லண்டனில் போய்ப் படித்தவர். நல்ல வைத்தியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்பு, மனம், ஆத்துமா மூன்றையும் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று அந்தத் துறையின் பெரியவர்கள் சொன்னார்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் ஒரு நல்ல சொல் நம்மவர் கையில் அகப்பட்டால் என்ன ஆகும்? அதற்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மேடையில் ஏற்றிவிடுவோம். பிறகு அது இறங்கிவந்து வேலை செய்யுமா?

வைத்தியசாலைக்குள் வாருங்கள். இடப்பக்கம் உப்புக்கல்லில் குடைந்த விளக்கு ஒன்று மங்கலாக எரிகிறது. வலப்பக்கம் மன அமைதிக்கென்று வைத்த சிறு நீரூற்று. ஒரு கிழமை அது ஓடாமல் நின்றபோது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எட்டிப் பார்த்து, மன அமைதிக்குள் டெங்கு நுளம்பின் குடம்பி நெளிகிறது என்று எச்சரித்துவிட்டுப் போனார். சுவரில் சிலுவையும் பிள்ளையாரும் புத்தரும் மக்காவும் ஒரே உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறார்கள். பாரபட்சம் இருக்கக்கூடாது என்பதற்காக மேசனைக் கூப்பிட்டு, ரசமட்டம் பிடித்து, ஆணி அடித்த உயரம் அது.

வரவேற்பு மேசையில் இருக்கும் கஜந்தினிக்கு டொக்டர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான். வருகிறவரிடம் "எங்கை நோகுது?" என்று கேட்கக்கூடாது. அது மனிதரைத் துண்டு போடும் கேள்வி. "எப்பிடி இருக்கிறியள்?" என்றுதான் கேட்கவேண்டும்.

லண்டனில் அது ஆபத்தில்லாத கேள்வி. யாழ்ப்பாணத்தில்? அரியாலையிலிருந்து கணுக்கால் சுளுக்கோடு வந்த கேதீஸ்வரி அக்கா, தம் மூத்த மகளின் கலியாணப் பேச்சில் தொடங்கி, மாப்பிள்ளை வீட்டாரின் குணங்குறி, மண்டபத்துச் சாப்பாட்டில் உப்புக் கூடினது, வீடியோக்காரன் தம்மை எடுக்காமல் சம்பந்தியையே எடுத்தது என்று ஒவ்வொன்றாய் விரித்துக்கொண்டு போனதில், மதியம் தாண்டியும் கணுக்காலுக்கு வந்து சேரவில்லை. அதற்குள் சுளுக்கு தானாகவே விட்டுவிட்டது. டொக்டர் அதைத் தம் முதல் வெற்றியாக அறிவித்தார்.

இனி வைத்திய முறை. டொக்டர் லெனாட்டின் உலகத்தில் காரணமில்லாமல் எதுவும் நோகாது. அந்தக் காரணம் ஒருபோதும் நோகிற இடத்தில் இருக்காது. தோள் நொந்தால் பொறுப்புகளின் சுமை. முழங்கால் நொந்தால் பணிவுக்குறைவு. குதிக்கால் நொந்தால் வேர் விட்ட மண்ணைப் பிரிந்த ஏக்கம். நாரி என்கிற கீழ்முதுகு நொந்தால் சொல்லாத துக்கம். இவற்றைக் கண்டுபிடிக்க அவர் உங்களைக் கதிரையில் இருத்தி, தாமும் எதிரில் இருந்து, கண்களை இறுக மூடிக்கொள்வார். ஆத்துமாவைப் பார்க்கும்போது முகம் இடைஞ்சலாம். பிறகு மெல்லிய குரலில் ஒரு கேள்வி வரும்: "ஒரு பிள்ளை தூரத்திலை இருக்குதெல்லோ?"

இந்தக் கேள்வி குடாநாட்டில் தவறியதே இல்லை. பிள்ளை கனடாவில் இல்லாவிட்டால் பிரான்சில் இருக்கும். எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் துக்கம் இன்னும் கூட. ஆகவே எல்லாரும் அழுதார்கள். அழுத எல்லாரும் டொக்டரின் ஞானதிருஷ்டியை ஊரெல்லாம் சொன்னார்கள். கழுத்து நோவுக்கு அழுதுவிட்டு, கழுத்தை அப்படியே திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

உடுப்பிட்டி இராசம்மா ரீச்சரின் கழுத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். மெதடிஸ்த சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடும் அந்தக் கழுத்து, ஒருநாள் காலை பிடித்துக்கொண்டது. டொக்டர் கண்ணை மூடினார். "நீங்கள் மன்னியாத ஒராள் உங்கடை கழுத்துக்குள்ளை இருக்கிறா," என்றார். ரீச்சர் நல்ல மனுசி. மன்னிக்காமல் விட்ட ஆள் யாரென்று இரண்டு நாள் யோசித்தும் ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில், இருக்கட்டும் என்று, தம் மச்சாள் நிமலினியைத் தெரிவு செய்து, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வாசலில் வைத்துக் கட்டிப்பிடித்து, "மச்சாள், நான் உம்மை முழுமனதோடை மன்னிச்சிட்டன்" என்றார். நிமலினிக்கு அன்றுதான் தெரியும், தாம் அத்தனை காலமும் மன்னிக்கப்படாமல் இருந்தது. "என்னத்துக்கு மன்னிச்சனீர்?" என்று அவர் கேட்டதில் தொடங்கிய சண்டை இன்றுவரை ஓயவில்லை. பாடகர் குழு இரண்டாகிவிட்டது. கழுத்தா? இரண்டு தலையணையில் ஒன்றை எடுத்துவிட்டதும் அது சுகமாகிவிட்டது.

இத்தனைக்கும் டொக்டர் சற்றும் கலங்காமல் இருந்த காலத்தில்தான் அருளம்பலம் வந்தார்.

பக்கத்துக் கிராமத்தில் வெங்காயம் போடுகிறவர். அறுபதைத் தாண்டியவர். தலையும் காலும் ஒழுங்காக முன்னே வர, இடுப்பு மட்டும் பின்னால் யோசித்து யோசித்து வந்தது. கூடவே மனைவி குணலட்சுமி. டொக்டர் இருவரையும் இருத்தி, வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

"ஐயா, உங்களுக்குள்ளை என்ன பாரம் கிடக்கு?"

"உள்ளுக்கை இல்லை டொக்டர், வெளியிலைதான். வெங்காயச் சாக்கு. தூக்கேக்கை களுக்கெண்டு ஒரு சத்தம்."

"அந்தச் சத்தம் எங்கையிருந்து வந்தது?"

"நாரிக்குள்ளாலை."

"அதுக்கும் ஆழத்திலையிருந்து?"

அருளம்பலம் மனைவியைப் பார்த்தார். ஆழம் என்றால் அவருக்குத் தோட்டத்துக் கிணறுதான் தெரியும்.

"கடைசியா எப்ப அழுதனீங்கள் ஐயா?"

"போன போகம், வெங்காய விலை விழேக்கை."

"வேறை?"

"டொக்டர் தம்பி," என்று குணலட்சுமி இடையில் புகுந்தார். "எங்கடை வீட்டிலை அழுற வேலை என்ரை பொறுப்பு. இவரிட்டை அதைக் கேட்டுப் பிரயோசனமில்லை. நாரியை ஒருக்காப் பாருங்கோ."

"அம்மா, நான் நாரியைப் பாக்கிறதில்லை. நாரிக்குச் சொந்தக்காரரைத்தான் பாக்கிறனான்."

"அவரைத்தான் பாத்திட்டியளெல்லோ. இனி நாரியைப் பாருங்கோ."

பார்த்தாரா? இல்லை. அருளம்பலத்தைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, விளக்கைத் தணித்து, ஒலிப்பெட்டியில் கடல் இரைச்சலைப் போட்டு, தலையோட்டை இரண்டு கையாலும் ஏந்தி, உள்ளே அலை அடிக்கிறதா என்று நெடுநேரம் காத்திருந்தார். அருளம்பலம் விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பித் தோட்டத்துக்கு வாய்க்கால் திருப்பித் தண்ணீர் மாறியவர். பெரிய குறட்டை ஒன்று வந்தது. "துக்கம் கழருது," என்று டொக்டர் குணலட்சுமியின் காதுக்குள் சொன்னார். "உது எங்கடை வீட்டிலை ஒவ்வொரு இரவும் கழருறதுதான்," என்றார் குணலட்சுமி.

வந்த மாதிரியே வளைந்து போனார்கள்.

அடுத்த தடவை வந்தபோது அருளம்பலம் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளைபோலச் சொன்னார்: "டொக்டர், இன்னும் மூண்டு கிழமையிலை எங்கடை முருகனுக்குத் தேர். எனக்குப் பிரதட்டை கிடக்கு."

தேர் அசைந்து போக, அதன் பின்னால் வெளிவீதி மணலில், ஈர வேட்டியோடு, தலைக்கு மேல் கூப்பிய கைக்குள் தேங்காயைப் பிடித்தபடி, வீதி முழுவதும் உருண்டு வருவதுதான் பிரதட்டை. சும்மா யாரும் உருளுவதில்லை. போன வருடம் குணலட்சுமி டெங்குக் காய்ச்சலில் ஆசுப்பத்திரியில் கிடந்தார். நாளுக்கு நாள் இரத்தம் இறங்குகிறது என்றார்கள். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அருளம்பலம் வாட்டுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி நின்று, வேறு வழி தெரியாமல் நேத்தி வைத்தார்: 'இவள் எழும்பி வந்தால் தேரன்றைக்கு உன் வீதியை உருண்டு வாறன்.' குணலட்சுமி எழும்பி வந்துவிட்டார். இதோ, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறார். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான். மிச்சம் அருளம்பலத்தின் நாரியில் இருந்தது. அந்த நாரியோ, கட்டிலில் புரண்டு படுக்கவும் விடவில்லை.

வாசகரே, கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். உடம்பு, மனம், ஆத்துமா மூன்றும் பிரியாமல், ஒரே மனிதராய், ஒரே வேட்டியோடு, தாமாகவே கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கின்றன. எவரெவர் கழுத்துக்குள்ளோ இத்தனை நாளும் தேடிய சரக்கு இது. டொக்டர் லெனாட் பாய்ந்து கட்டிப்பிடித்திருக்க வேண்டாமா?

டொக்டர், அவர்கள் கொண்டுவந்திருந்த எக்ஸ்றேப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உருளுறதோ? மணலிலையோ? நாலாம் எலும்புக்கும் அஞ்சாம் எலும்புக்கும் நடுவிலை இருக்கிறது நசிஞ்சு போய்க் கிடக்கு. விசர்க்கதை கதையாதேங்கோ ஐயா!"

"நேத்தி டொக்டர்."

"நேத்தி இருக்கட்டும். எலும்பு எலும்புதான்."

'முழு மனிதர்' என்று எழுதி வாசலில் தொங்கிய பெயர்ப்பலகைக்குக் காது இருந்திருந்தால் ஆணியோடு கழன்று விழுந்திருக்கும்.

டொக்டருக்கும் ஏதோ உறைத்திருக்கவேண்டும். படத்தை வைத்துவிட்டு, பழைய மெல்லிய குரலை வரவழைத்தார். "ஐயா, முருகன் பாக்கிறது உங்கடை மனசைத்தான். அதாலை மனசாலை உருளுங்கோ. இந்தக் கட்டிலிலை படுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, வீதியை ஒருக்காச் சுத்தி வாங்கோ. கடல் சத்தத்தை நிப்பாட்டிட்டு நான் மேளச் சத்தம் போட்டு விடுறன்."

அருளம்பலம் பாவம், படுக்கத்தான் போனார். குணலட்சுமி எழும்பினார்.

"டொக்டர் தம்பி, நான் போன வருசம் காய்ச்சலிலை கிடந்தது மனசாலையோ?"

"இல்லையம்மா, அது வந்து..."

"இந்த உடம்பாலைதான் கிடந்தனான். இந்த உடம்பைத்தான் இந்த மனிசன் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டது. வாங்கினது உடம்பை, குடுக்கிறது மனசையோ? முருகன் ஓமெண்டாலும் நான் ஓமெண்ணமாட்டன்."

வேறு வழியில்லாமல் டொக்டர் பேச்சை விட்டு, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு, அருளம்பலத்தைக் குப்புறப் படுக்கவைத்து, நாரியில் இரண்டு பெருவிரலையும் வைத்தார்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லாவிட்டால் பாவம் வரும். அந்தப் பெருவிரல்கள் கெட்டிக்காரப் பெருவிரல்கள். வாய் ஓய்ந்தால்தான் அவற்றுக்கு வேலை வரும். வாய் ஓய்வது அபூர்வம். ஆகவே ஊருக்கு அது தெரியாமலே இருந்தது. அன்று அவை இறுகிய இடத்தைத் தேடிப் பிடித்து, அழுத்தி, விட்டு, மீண்டும் அழுத்தின. கடல் இரைச்சலைப் போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கடைசியில் அருளம்பலம் "அம்மாடி!" என்று ஒரு மூச்சை விட்டுத் தானாகவே மல்லாந்து புரண்டார்.

டொக்டர் அப்போது ஒரு கேள்வி கேட்டார். அது லண்டனில் படித்த கேள்வி அல்ல.

"பிரதட்டை எண்டால் எப்பிடி ஐயா உருளுறது?"

அருளம்பலம் இறங்கி நிலத்தில் படுத்தார். கைக்குள் தேங்காய் இல்லாமல் உருள வராது என்றார். குணலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்து, உப்புக்கல் விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு அதை எடுத்துக் கையில் கொடுத்தார். அருளம்பலம் ஓர் உருள், இரண்டு உருள் உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். டொக்டரும் நிலத்தில் படுத்து, கட்டிலுக்குக் கீழே தலையை விட்டு, "இடுப்பை முறுக்குறியள் ஐயா! தோளும் இடுப்பும் ஒண்டாத் திரும்பவேணும், மரக்குத்தி உருளுற மாதிரி!" என்று கத்திக்கொண்டிருக்கையில், சத்தம் கேட்டுக் கஜந்தினி கதவைத் திறந்தாள்.

"டொக்டர், அடுத்த முழு மனிசரை விடட்டோ?"

மூன்று கிழமையும் இதே ஒத்திகை நடந்தது. குப்புறக் கட்டிலில் கொஞ்சம், நிலத்தில் கொஞ்சம். டொக்டர் அதற்குள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உடம்பையும் ஆத்துமாவையும் பற்றி வாசிகசாலையில் பேசிய கூட்டத்தில் அருளம்பலத்தின் பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, நெடுநேரம் பேசினார்.

தேரன்று காலை, கடன் வாங்கிய வேட்டியோடு, சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு டொக்டர் லெனாட் தெற்கு வீதியில் நின்றார். (சேட்டுக்குள் இருந்த முதுகு கொஞ்சம் கூனல்தான். அதைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும்?) தேர் போனது. அதன் பின்னால் உருண்டவர்கள் வந்தார்கள். தலை, முகம், மார்பு எல்லாம் மணல் அப்பி, யார் எவர் என்று பெற்ற தாய்க்கும் தெரியாத கோலம். ஆனால் டொக்டர் ஒருவரைக் கண்டதும் துள்ளினார். "அதுதான்! அந்த நாரிதான்! இடப்பக்கம் கொஞ்சம் மேட்டுப்பாடு!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

சரியாகத்தான் பிடித்தார். அருளம்பலத்தோடு கூட நடந்தார். ஒரு பக்கம் ஈரத் துவாயோடு குணலட்சுமி, மறுபக்கம் டொக்டர். சனம் "அரோகரா!" என்றது. டொக்டர் "தோளும் இடுப்பும் ஒண்டா! மூச்சை விடுங்கோ!" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் அதையும் ஏதோ பதிகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மேற்கு வீதி திரும்பும் இடத்தில் அருளம்பலம் நின்றுவிட்டார்.

உருளவில்லை. அசைந்து பார்த்தார், முடியவில்லை. குணலட்சுமியின் கையிலிருந்த துவாய் நழுவியது. "என்னாலை வந்தது," என்று அவர் முணுமுணுத்தார். நாலாம் எலும்பு, அஞ்சாம் எலும்பு, லண்டன், வாசிகசாலை எல்லாம் டொக்டரின் கண்முன்னே சுழன்றன. குனிந்து, "ஐயா, நாரி விட்டுட்டுதோ?" என்று கேட்டார்.

அருளம்பலம் வாயிலிருந்த மணலைத் துப்பினார்.

"நாரி நல்லாய்த்தான் கிடக்கு டொக்டர். நீங்கள் என்ரை வேட்டியிலை ஏறி நிக்கிறியள். இறங்குங்கோ."

டொக்டர் இறங்கினார். அருளம்பலம் உருண்டார். வடக்கு வீதி, கிழக்கு வீதி, கோவில் வாசல். தேங்காயை உடைத்துவிட்டு அவர் எழும்பி நேராக நின்றபோது, அழுகிற வேலைக்குப் பொறுப்பானவர் அந்த வேலையைச் சரிவரச் செய்துகொண்டிருந்தார்.

இத்தோடு விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் சிரிக்கிறீர்கள் போலிருக்கிறது. டொக்டர் லெனாட்டைப் பார்த்தா? சந்தியில் ஆளைக் கண்டு "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்குமுன் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனவர் நீங்கள்தானே? மனிதரைப் பெயரால் நினைக்காமல், 'கனடாக்காரர்', 'வெள்ளைக் கார்', 'பல் எடுப்பான ரீச்சர்' என்று நினைவில் அடுக்கி வைத்திருப்பவரும் நீங்கள்தானே? கண்ணை மூடி, பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். மூக்கு எப்படி? வருகிறதா? வந்தால் உங்களுக்கு ஆயுசு நூறு. வராவிட்டால், மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

டொக்டர் தண்ணீர்ப்பந்தலில் நின்று, மோர்க் குவளையோடு, நடந்ததையெல்லாம் நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கிணற்றில் தோய்ந்து, விபூதி பூசி, பட்டு வேட்டி கட்டி, சால்வை போர்த்தி, அருளம்பலம் நேரே வந்து அவர் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. "டொக்டர்..." என்றார்.

டொக்டர் அவருடைய முகத்தைப் பார்த்தார். அன்பாகச் சிரித்தார்.

"வணக்கம் ஐயா. எந்த ஊர் நீங்கள்?"

பின்னால் வந்த குணலட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ," என்றார் கணவரிடம், "அங்காலை ஒருக்காத் திரும்பி நில்லுங்கோ." திரும்பினார். குணலட்சுமி சால்வையை உயர்த்திப் பிடித்தார்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. மோர்க் குவளையைக் கீழே வைத்தார். அந்த நாரியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"அட, ஐயா! எப்பிடி இருக்கிறியள்?"